ஒரு பக்கம் தேய்த்த சீட்டுக்கட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ்
3 நவம்பர் 2024

தம்பி லோகனுக்கு அக்கா குமுதா எழுதுவது.

இவ்வளவு நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மாதவி இப்போதுதான் தூங்கினாள். அவள் கண் மூடினால்தான் எனக்குக் கை ஓடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பாதி தூக்கம், பாதி கோபம் என்று எடுத்துக்கொள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாளா, இல்லை நீ கேட்கும்போது மட்டும் தேய்த்தேன் என்கிறாளா? இங்கே நாங்கள் மூவரும் உடம்பால் சுகம்.

பட்டம் வாங்கியவள், தபால்தலை ஒட்டிக் கிள்ளானுக்குக் கடிதம் போடும் நிலைமைக்கு வந்ததற்குக் காரணம் நீதான். தீபாவளிக்கு மறுநாள் காலையிலிருந்து என் நம்பரை பிளாக் செய்துவைத்திருக்கிறாய். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் போய்விட்டாய். அம்மா போனுக்கு அடித்தால், "அவன் குளிக்கிறான்மா" என்கிறாள். மூன்று நாளாகக் குளிக்கிறாயா? கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

நீ அன்றைக்கு வரவில்லை. அதனால் நடந்ததை என்னிடமே கேள். பங்சாரில் என் மாமனார் வீட்டில் தீபாவளிச் சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இருபத்தொன்று ஆடுவார்கள், உனக்குத் தெரியும். சில்லறை ஆட்டம்தான். ஆனால் ஜெயித்தவர் அடுத்த தீபாவளி வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். எப்போதும் ஜெயிப்பவர் இவருடைய அண்ணன், என் மூத்தார் கௌசிகன். எப்போதும் தோற்பவர் என் வீட்டுக்காரர். இந்தத் தடவை மாறிப்போயிற்று. சீட்டுக்கட்டு எங்கள் வீட்டிலிருந்து போனது. என் வீட்டுக்காரர்தான் பேங்க், சீட்டுப் போடுகிறவர். தொட்டதெல்லாம் அவருக்கே வந்தது.

மூத்தார் கட்டை வாங்கிக் குலுக்கினார். நடுவில் நிறுத்தினார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தார். கட்டு வெண்ணெய் மாதிரி இரண்டாகப் பிரிந்தது. ஒரு கையில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், பத்து எல்லாம். இன்னொரு கையில் சின்னச் சீட்டுகள்.

"ஜெயா, இது எந்தக் கடையில வாங்கினது?" என்று இவரைக் கேட்டார்.

இவர் மாதவியைப் பார்த்தார். "அது பிள்ளையோட மேஜிக் கட்டு. அவ மாமா செஞ்சு குடுத்தது. மாறி வந்துட்டுது போல."

அவ்வளவுதான். ஓரகத்தி பிரேமினி சிரித்துக்கொண்டே, நாம் வளர்ந்த தோட்டத்தை இழுத்து, "கேரி தீவுத் தோட்டத்தில இதுதான் படிப்பிக்கிறவங்களோ?" என்றாள். மேசையே சிரித்தது. மூத்தார் மாதவியின் முன்னால் குனிந்து, "நீயா இதைப் பையில வைச்சனி?" என்று கேட்டார். அவள் "நா... நா..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருந்தால் அவளுக்கு இன்னும் அடைக்கும் என்று உனக்குத் தெரியுமே. மாமனார், "சரி விடுங்கோ, சின்னப்பிள்ளை" என்றார். மன்னித்துவிட்டார்கள். செய்யாததற்கு மன்னிப்பு.

அன்றைக்கு மூடிய வாய். இன்றுவரை என் ஒன்பது வயது மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பசித்தால் தட்டைக் காட்டுகிறாள். திக்கல் வகுப்புக்கு இரண்டு வருடம் அலைந்து வராத பேச்சு, நீ சீட்டு சொல்லிக்கொடுத்த பிறகு வந்தது. "ஒரு சீட்டு எடுங்க, எனக்குக் காட்டாதீங்க, மனசுக்குள்ள பேரைச் சொல்லுங்க" என்று தண்ணீர் மாதிரி சொல்வாள். அது போயிற்று.

நீ பங்சாருக்கு வரவேண்டும். வந்து, இது விளையாட்டுக் கட்டு, இதில் பிள்ளைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். எப்போது வருகிறாய்?

குமுதா


கிள்ளான்
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் பரவாயில்லை. தைலம் தேய்க்கிறாள், வீடு முழுக்க மணக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனைகூட வருவதை நிறுத்திவிட்டது. மழை தினமும். ஷா ஆலம் ஆபீஸ் போய்த் திரும்ப ரோட்டிலேயே பாதி ஆயுள் போகிறது.

நடந்ததற்கு வருத்தம். கட்டு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டுச் சீட்டையும் நல்ல சீட்டையும் ஒரே மாதிரி பெட்டியில் போட்டுக் கொடுத்தது என் முட்டாள்தனம். மாதவி தெரியாமல் மாற்றி எடுத்து வைத்திருப்பாள். குழந்தைதானே. இதை அப்படியே மாமனார் வீட்டில் காட்டு. என் சார்பில் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். நேரில் வர ஆபீஸில் லீவு கிடைக்காது.

கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அத்தானிடம் கோபப்படாதே. பாவம் அவர்.

மாதவிக்கு என் முத்தம். புதிதாக ஒரு வித்தை வைத்திருக்கிறேன் என்று சொல்.

லோகன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
16 நவம்பர் 2024

லோகன்,

சுகமா என்று கேட்கிறேன், கேட்கவேண்டுமே என்று. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் மாதவி படித்துவிட்டாள். தமிழ்ப்பள்ளியில் படிக்கிறவள், எழுத்துக் கூட்டவேண்டியதில்லை. "மாதவி தெரியாமல் மாற்றி எடுத்து வைத்திருப்பாள்" என்ற வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டால் தரமாட்டேன் என்கிறாள், தலையாட்டித்தான்.

பெரியப்பா சொன்னது, அப்பா சொன்னது எல்லாம் ஒரு பக்கம். மாமா எழுதியது இன்னொரு பக்கம். அவளுக்கு நீ எழுதினால் அது உண்மை.

யார் உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னது? என்ன நடந்தது என்று கேட்டால் சட்டென்று காலில் விழுகிறாய். நீ அப்படிப்பட்டவன் இல்லையே. சின்ன வயதில் கண்ணாடி உடைந்தால், உடைத்தது காற்று என்று மணிக்கணக்காக வாதாடுவாய். இப்போது உன்னைத் திருடன் என்கிறார்கள், "பாவம் அத்தான்" என்கிறாய். அவருக்கு என்ன பாவம்? இரண்டு தட்டு முறுக்கு தின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

பள்ளி ஆண்டிறுதிக் கலைநிகழ்ச்சியில் மேஜிக் செய்வதாகப் பெயர் கொடுத்திருந்தாள். வகுப்பாசிரியை கூப்பிட்டார். "பேரை அடிக்கச் சொல்லி துண்டுச்சீட்டு எழுதிக் குடுத்தாம்மா. ஏன்மா, வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை டீச்சர் என்றேன். நானும் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

பதில் போடு.

குமுதா


பிரிக்ஃபீல்ட்ஸ்
30 நவம்பர் 2024

லோகன்,

பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போடவேண்டாம், தண்ணீர் பில் ஒழுங்காக வருகிறது. கிள்ளான் பக்கம் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். உங்கள் தெரு எப்படி? அம்மாவின் மருந்துகளை மேலே எடுத்து வைத்தாயா? இதற்காவது பதில் எழுதலாம்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டை எப்படிச் செய்தீர்கள்? ஆரம்பத்திலிருந்து எழுது. நீங்கள் இருவரும் என் சாப்பாட்டு மேசையில் அதைச் செய்தபோது, நான் மேசை கீறுகிறது என்று கத்திக்கொண்டே இருந்தேனே தவிர, என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கவில்லை. அது என் மகளைத் திருடி ஆக்கியிருக்கிறது. அதை நான் தெரிந்துகொள்ள வேண்டும். மூத்தார் அந்தக் கட்டைத் திருப்பித் தரவில்லை. "மியூசியத்தில வைப்பம்" என்கிறார்.

குமுதா


கிள்ளான்
7 டிசம்பர் 2024

அக்கா,

வெள்ளம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. முன் தெரு வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. அம்மா மருந்து, அம்மா, டிவி என்ற வரிசையில் மாடிக்கு ஏற்றினேன். அம்மாவுக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. சுகமாக இருக்கிறாள்.

கேட்டதால் எழுதுகிறேன். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் காகிதச் சீட்டு போதும், பிளாஸ்டிக் சீட்டு உதவாது. முதுகுப் பக்கம் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிற டிசைனாகப் பார்த்து வாங்கவேண்டும். கட்டை இரண்டு பலகைத் துண்டுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டி, நீளவாக்கு ஓரங்களை உப்புத்தாளில் தேய்க்கவேண்டும். மேலிருந்து கீழே ஒரே மாதிரி தேய்க்கக்கூடாது. ஒரு முனையில் தொடாமல், போகப்போக அழுத்தி, மறுமுனை ஒரு மயிரிழை குறுகும்படி தேய்க்கவேண்டும். பார்த்தால் தெரியாது. மூலை கூர்மையாகிவிடும், அதை நகவெட்டியால் உருட்டவேண்டும். உன் நகவெட்டி காணாமல் போனது அதனால்தான். கடைசியில் முகப்பவுடர் தடவினால் சீட்டு வழுக்கும். மாதவிக்குத் தேய்க்கிறதைவிடத் தூளை ஊதுவதுதான் பிடிக்கும். ஊதி ஊதி ஒருநாள் உன் சாம்பாரில் விழுந்தது. சொல்லவில்லை.

இப்போது எல்லாச் சீட்டும் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். ஒருவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்க்கும்போது நாம் கட்டைச் சத்தமில்லாமல் திருப்பிவிட வேண்டும். அவர் திரும்பச் செருகும்போது அவருடைய சீட்டு மட்டும் தலைமாறி இருக்கும். எவ்வளவு குலுக்கினாலும் விரலுக்குத் தட்டுப்படும். அவ்வளவுதான் ரகசியம்.

மாதவி இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. இன்னும் கேட்காதே. தோண்டினால் தண்ணீர் வராது, சேறுதான் வரும்.

லோகன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
15 டிசம்பர் 2024

லோகன்,

எல்லோரும் சுகம். அம்மாவுக்கு நான் அனுப்பிய சட்டி கிடைத்ததா?

ஒரு கட்டு வாங்கினேன். உப்புத்தாள் வாங்கினேன். மாதவி பள்ளி விட்டு வந்ததும் மேசையில் பரப்பி, நீ எழுதியபடி தேய்க்க ஆரம்பித்தேன். மாதவி கதவோரம் நின்றாள். நான் வேண்டுமென்றே தப்பாகத் தேய்த்தேன் என்று நினைக்காதே, உண்மையாகவே தப்பாகத்தான் தேய்த்தேன். அவளால் பொறுக்க முடியவில்லை. வந்து என் கையிலிருந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு பேசாமலே எல்லாவற்றையும் செய்தாள். கடைசியில் என்னை உட்காரவைத்து வித்தை காட்டக் கற்றுக்கொடுத்தாள், கையைப் பிடித்து.

ஒரு சீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கே சந்தோஷம். கட்டைப் பெட்டியில் போடப் போனேன். அவள் என் கையில் ஓர் அடி வைத்தாள். கட்டை வாங்கி, தலைமாறி இருந்த அந்த ஒற்றைச் சீட்டை இழுத்து, திருப்பி, சரியாகச் செருகி, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் பெட்டிக்குள் வைத்தாள். மறுபடி ஆடினோம். மறுபடி அதேதான். நீ சொல்லிக்கொடுத்த பழக்கமாகத்தான் இருக்கும். வித்தை முடிந்தால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் இல்லாமல் கட்டு பெட்டிக்குப் போகக்கூடாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீயும் உறைக்கும்படி படி.

கட்டு மாறி வந்திருந்தால் எல்லாச் சீட்டும் ஒரே பக்கம் இருந்திருக்கும். மூத்தார் என்ன இழுத்தாலும் பிரிந்திருக்காது. பிள்ளை மறந்திருந்தால் ஒன்று வந்திருக்கும், மிஞ்சினால் இரண்டு. அன்றைக்கு வந்தது ஏஸ் எல்லாம், படம் எல்லாம், பத்து எல்லாம். இருபத்தொன்று ஆட்டத்துக்கு எது எது வேண்டுமோ அது மட்டும். யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பெரிய சீட்டாகப் பொறுக்கி, தலைமாற்றி வைத்திருக்கிறார்கள். மாதவிக்கு அந்த ஆட்டத்தின் விதியே தெரியாது.

உப்புத்தாளில் தேய்க்கத் தெரிந்த உனக்கு இது முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். நான்தான் எழுதியிருந்தேனே, ஒரு கையில் ஏஸ், ராஜா, ராணி என்று. அதைப் படித்துவிட்டும் "மாதவி மாற்றி எடுத்திருப்பாள்" என்று எழுதினாய்.

நீயா அப்படிச் செய்து கொடுத்தாய்? ஆமாம் அல்லது இல்லை. வேறு ஒன்றும் எழுதவேண்டாம்.

குமுதா


கிள்ளான்
2 ஜனவரி 2025

அக்கா,

புத்தாண்டு வாழ்த்து. சட்டி கிடைத்தது. அம்மா அதில் மீன்குழம்பு வைத்து, உன் பெயரைச் சொல்லித் தெரு முழுக்கக் கொடுத்தாள். முழங்காலுக்கு டாக்டர் ஊசி போடலாம் என்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நான்தான் என்று வைத்துக்கொள். நல்லது.

அத்தான் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. மாதவி மேல் உயிர். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துப் பார்.

லோகன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
5 ஜனவரி 2025

லோகன்,

வைத்துக்கொள்ளச் சொல்கிறாய். எதையெல்லாம் நான் வைத்துக்கொள்வது?

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் ஆபீஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மாதவி கீழே விளையாடப் போயிருந்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அந்தச் சீட்டெல்லாம் திருப்பி வைச்சது யாரு?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "லோகன் சொல்லிட்டானா?" என்றார்.

பார்த்தாயா. உன் பெயரை நான் எடுக்கவே இல்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டீர்கள்.

"எப்படி செஞ்சீங்க?"

"மாதவிகிட்டதான் கேட்டேன். அப்பாவுக்கு ஒரு தடவ காட்டும்மான்னு. அவ சந்தோஷமா காட்டுனா."

அவள் தன் அப்பாவுக்கு வித்தை சொல்லிக்கொடுத்திருக்கிறாள், லோகா. அவர் அதை வைத்து ஆடியிருக்கிறார். மாட்டிக்கொண்டதும் அவளையே காட்டியிருக்கிறார்.

"காசுக்கு இல்ல குமுதா, சத்தியமா. கல்யாணமானதுலேர்ந்து அந்த மேசையில தோத்துக்கிட்டே இருக்கேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் 'பெண்சாதி கொண்டுவந்த ராசி'ன்னு சொல்லுவான். நீ சமையல்கட்டுல இருப்ப, உனக்குக் கேக்காது. ஒரு வருஷமாச்சும் அவன் வாய மூடணும்னு தோணுச்சு."

"அப்ப எனக்காக செஞ்சீங்க."

"அப்படித்தான் நினைச்சேன்."

"மாட்டுனதும் ஏன் பிள்ளையக் காட்டுனீங்க?"

"அந்த நேரத்துல வாயில வந்துட்டுது லா."

"வாயில வந்தது அவ பேரு. உங்க பேரு ஏன் வரல?"

சட்டையை எடுத்து ஹேங்கரில் மாட்டினார், திருப்பி மாட்டினார். பிறகு, "சின்னப்பிள்ளை, மறந்துடுவா. பெரியவங்க மறக்க மாட்டாங்க" என்றார். இதுதான் அவர் கணக்கு. மறந்துவிடுகிறவள் தலையில் கட்டிவிடலாம். எனக்கு அவர் ஆடியது இரண்டாம் பட்சம். இந்த வாக்கியம்தான் தொண்டையில் நிற்கிறது.

பொங்கலுக்குப் பங்சார் போகிறோம். அதே மேசை, அதே ஆட்கள். அங்கே அவர் சொல்லவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் தலையில் அத்தனை பேர் முன்னால் வைத்த பழியை வீட்டுக்குள் ரகசியமாக எடுக்க முடியாது. "பார்ப்போம்" என்கிறார்.

உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? அம்மாவைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதையும் கவனி.

குமுதா


கிள்ளான்
10 ஜனவரி 2025

அக்கா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. நடக்கிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் அத்தான் போன் செய்தார். காரை எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். நான் அவர் அழுது கேட்டதில்லை. "உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. நீ உன் மேல போட்டுக்கோ லோகா. உன்ன அவ ஒன்னும் செய்யமாட்டா, தம்பி" என்றார். சரி என்றேன். வைத்த உடனே உன் நம்பரை அடைத்தேன். என் குரலில் பொய் வந்தால் நீ இரண்டாவது வார்த்தையில் கண்டுபிடித்துவிடுவாய். எழுத்தில் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அதிலும் நீ பிடித்துவிட்டாய்.

ஆனால் அக்கா, எனக்கும் கோபம் உண்டு. அந்த வீட்டில் இரண்டு மாதமாகத் திருடன் நான். கல்யாணத்தில் எனக்குத் தனிப் பந்தி போட்டவர்கள், இப்போது "பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னம்" என்று பேசுவார்கள். அதை ஏன் சுமந்தேன் தெரியுமா? இவனைத்தான் கட்டுவேன் என்று நீ நின்றபோது, அப்பா மூன்று வருடம் உன்னோடு பேசவில்லை. போகும்போதும் பேசாமல்தான் போனார். அவ்வளவு கொடுத்து வாங்கிய வாழ்க்கை ஒரு சீட்டுக்கட்டில் கவிழவேண்டாம் என்று நினைத்தேன். இது தப்பா?

பொங்கல் பந்தியில் வேண்டாம். அவரை அண்ணன் முன்னால் நிறுத்தாதே. ஒரு மனிதனை அவன் பயப்படுகிற இடத்தில் வைத்து உடைத்தால் பிறகு ஒட்டாது. வீட்டில் மாதவியிடம் சொல்லட்டும், போதும்.

லோகன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
16 ஜனவரி 2025

தம்பி லோகனுக்கு,

அம்மா நடக்கிறாள் என்பது சந்தோஷம். மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல். எனக்குத்தான் இரண்டு நாளாகத் தலைவலி. காய்ச்சல் இல்லை.

பொங்கலன்று நடந்ததை எழுதுகிறேன். நீ வேண்டாம் என்றதால் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். காரில் போகும்போது, "இன்னிக்கு சொல்றீங்களா?" என்று கேட்டேன். "நல்ல நாள்ல வேணாமே" என்றார். மாதவி பின்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எந்த நாள் அவளுக்கு நல்ல நாள் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பாடு முடிந்தது. மேசையைத் துடைத்தார்கள். மூத்தார் புதுக் கட்டு ஒன்றை உறை பிரிக்காமல் எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "சீல் இருக்கு, பாத்துக்கொள்ளுங்கோ. ஜெயா, உன்ர மகளைத் தூரத்தில இருத்து" என்றார். சிரித்தார்கள். இவரும் சிரித்தார், லோகா. பல் தெரிய இல்லை. ஆனாலும் அது சிரிப்புதான்.

அதற்குப் பிறகு எனக்கு யோசனை ஒன்றும் இல்லை. மாதவியும் நானும் செய்த கட்டு என் கைப்பையில் இருந்தது. மூத்தார் முன்னால் வைத்தேன்.

"இழுங்க."

"என்ன பிள்ளை இது?"

"அன்னைக்கு இழுத்த மாதிரி இழுங்க."

இழுத்தார். ஒன்றும் பிரியவில்லை. நான் வாங்கி, ஒரு சீட்டை எல்லோரும் பார்க்கத் தலைமாற்றிச் செருகிக் கொடுத்தேன். இழுத்தார். அது மட்டும் வந்தது.

"இது இப்படித்தான் வேலை செய்யும். ஒரு சீட்டு திருப்பினா ஒரு சீட்டு வரும். அன்னைக்கு உங்க கையில பெரிய சீட்டு பூரா வந்துச்சு. ஒவ்வொன்னா திருப்பி வைக்காம அது வராது. திருப்பி வைச்சவங்களுக்கு இருபத்தொன்னு ஆடத் தெரிஞ்சிருக்கணும்."

"அப்ப உன்ர தம்பி."

"என் தம்பி கிள்ளான்ல இருந்தான். கட்டு எங்க வீட்டுல இருந்துச்சு."

மாமனார், "குமுதா, நல்ல நாளும் அதுவுமா இதக் கிளறவேண்டாம்" என்றார். பிரேமினி சிரிக்கவில்லை, அவள் கணக்குப் போட்டுவிட்டாள். எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இவர் மேசைவிரிப்பைப் பார்த்தார். சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. நானே சொல்ல வாயைத் திறந்தேன்.

மாதவி முந்திக்கொண்டாள். எழுந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "அப்பா. நா... நா... நான் செ... செ..." அவளுக்கு முகம் சிவந்து கழுத்து நரம்பு தெரிந்தது. மூத்தார், "செய்யேல்ல எண்டு சொல்ல வாறா" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "அப்பா. நா... நான் செ... செய்யலதானே?"

இவர் மேசைவிரிப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நீ செய்யல. அப்பாதான் செஞ்சேன்" என்றார். அவளைப் பார்த்துச் சொன்னார். அதற்காக மட்டும் அவருக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை. அவரோடு எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே. சமைக்கிறேன், சாப்பிடுகிறார். உடைந்ததா, ஒட்டுமா என்று எனக்கே தெரியவில்லை. உன் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது என் பிள்ளை. நான் இல்லை, நீ இல்லை, அவரும் இல்லை. என் வாழ்க்கையைக் காப்பாற்ற உனக்கு யார் அவளை எடுத்துக் கொடுத்தது? அப்பா என்னோடு பேசாமல் போனதைச் சொல்கிறாய். அந்த வீட்டில் வளர்ந்தவன் நீ. வாய் மூடிக்கிடப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தாய்.

மாதவி பேசுகிறாள். முன்னைவிட அதிகமாகத் திக்குகிறது. நேற்று ரொட்டி சானாய் வேண்டும் என்று சொல்ல வெகுநேரம் ஆயிற்று. கடைக்காரர் பொறுமையாக நின்றார். சீட்டைத் தொடுவதில்லை. கலைநிகழ்ச்சிக்குப் போகவேண்டாம் என்றாள், போகவில்லை.

உன் நவம்பர் கடிதத்தை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். பொங்கல் முடிந்து வந்து அதை எடுத்துக் காட்டினாள். அப்பா சொல்லிட்டாங்க, ஆனா மாமா என் பேரை எழுதியிருக்காங்களே என்று கேட்டாள். அவள் கேட்டதை நான் இங்கே நேராக எழுதிவிட்டேன், அவளுக்கு அது அவ்வளவு நேராக வரவில்லை. பதில் சொல்ல நான் மறுத்துவிட்டேன். எழுதியது நான் இல்லை.

என் நம்பரைத் திறந்திருக்கிறாய் என்று பார்த்தேன். கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். ஒரு கடிதம் எழுது. எனக்கு வேண்டாம். உறையின் மேல் அவள் பெயரைப் போடு. உனக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், ஏன் அப்படி எழுதினாய் என்று எழுது. வேடிக்கை வேண்டாம், புது வித்தை வேண்டாம். தினமும் பள்ளி விட்டு வந்ததும் கீழே தபால் பெட்டியைப் போய்ப் பார்க்கிறாள். சீக்கிரம் பதில் போடு.

குமுதா